மறைந்து வாழ்வதாகச் சொல்லப்படும் விலங்குகள்: சான்றுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இமயமலையின் பனிமனிதன் எனப்படும் எட்டி, வட அமெரிக்கக் காடுகளில் இரு கால்களில் நடப்பதாகச் சொல்லப்படும், மயிரடர்ந்த, மனிதக் குரங்கு போன்ற பிக்ஃபுட், ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் இருப்பதாகச் சொல்லப்படும் நீள்கழுத்து விலங்கு ஆகியவற்றைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் பெரும்பாலும், பார்த்ததாகச் சொன்னவர் நேர்மையானவரா இல்லையா என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். கீழுள்ள விடைகள் வேறொன்றைக் கேட்கின்றன: அப்படியொரு விலங்கு வாழ்ந்தால் அது எவற்றையெல்லாம் விட்டுச் சென்றிருக்க வேண்டும், அவை கிடைத்திருக்கின்றனவா?

இவை இல்லவே இல்லை என்று உங்களால் நிறுவ முடியுமா?

முடியாது. ஒரு விலங்கு உலகில் எங்குமே இல்லை என்று காட்டும் பொறுப்பு யாருக்கும் கிடையாது. இருக்கிறது என்று சொல்பவரே சான்று தர வேண்டும். ஆனால் இதைச் சொல்லிவிட்டு ஐயப்படுகிறவர் கைகட்டி உட்கார்ந்துவிடுவதும் சரியன்று. தேடாத இடத்தில் ஒன்று கிடைக்காமல் போவதும், கிடைத்தே தீர வேண்டிய இடத்தில் பல்லாண்டுகள் தேடியும் கிடைக்காமல் போவதும் ஒன்றல்ல. ஆழ்கடலில் நாம் இதுவரை அறியாத பெரிய மீன் ஒன்று இருக்கக்கூடும் என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். சுமார் 37 கிலோமீட்டர் நீளமும் சில இடங்களில் 200 மீட்டருக்கு மேல் ஆழமும் கொண்ட, படகுகள் நாள்தோறும் ஓடும் ஓர் ஏரிக்குள் பேருயிர்களின் கூட்டம் ஒன்று தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வாழ்கிறது என்றால் மறுப்பேன்.

சீலகாந்த் மீனும் அழிந்துவிட்டது என்றுதானே சொன்னார்கள்? பிறகு உயிரோடு கிடைக்கவில்லையா?

கிடைத்தது. மறைவிலங்குகளை நம்புகிறவர்கள் முதலில் எடுத்து வைக்கும் வாதம் இது என்பதால் இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், ஓர் இழுவலைக் கப்பல் பிடித்து வந்த மீன்களுக்கிடையே, அவ்வூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் விசித்திரமான ஒரு மீனைக் கண்டார். மீனியல் அறிஞர் ஜே. எல். பி. ஸ்மித் அதை, ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட சீலகாந்த் குலத்தைச் சேர்ந்தது என்று அடையாளம் கண்டார். இரண்டாவது மீன் 1952இல் கொமொரோ தீவுகளில் கிடைத்தது. அங்குள்ள மீனவர்களுக்கு அது புதிதே அன்று. அவ்வப்போது தூண்டிலில் மாட்டும் மீன்தான். 1997இல் இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில், ஒரு மீன் சந்தையில், இன்னொரு வகைச் சீலகாந்த் கண்ணில் பட்டது.

இங்கே நிகழ்ந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் உடல் வந்தது. வியப்பும் செய்தியும் பிறகு வந்தன. பல ஆண்டுகளாக யாரோ சாட்சி சொல்லி, அறிஞர்கள் ஏளனம் செய்து, கடைசியில் சாட்சி வென்ற கதையல்ல இது. அதைவிட முக்கியமானது, முதல் உடலுக்குப் பின் நடந்தது: உண்மையில் இருக்கும் விலங்கு என்பதால், எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தபின் மேலும் மேலும் கிடைத்துக்கொண்டே இருந்தது.

வேறு கண்டுபிடிப்புகளிலும் இதுவே நடந்திருக்கிறது. காங்கோ மழைக்காட்டில் வாழும், ஒட்டகச்சிவிங்கியின் உறவினமான ஒகாப்பி, தோல் துண்டுகளும் மண்டையோடுகளும் லண்டனுக்கு வந்து சேர்ந்தபின் 1901இல் அறிவியல் பெயர் பெற்றது. மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த வியட்நாம் காட்டு விலங்கான சாவோலா 1992இல் அறியவந்ததற்குக் காரணம், வேடர்களின் வீடுகளில் ஆய்வாளர்கள் கண்ட நீண்ட கொம்புகள். மெகாமவுத் சுறா 1976இல் ஹவாய்க் கடலில் ஒரு கப்பலின் கடல் நங்கூரத்தில் சிக்கி வெளிப்பட்டது. இராட்சதக் கணவாயை அதன் வாழிடத்தில் உயிருடன் முதன்முதலில் படம்பிடித்தது 2004இல்தான் என்றாலும், 1857இலேயே அதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டுவிட்டது. கரையொதுங்கிய உடல்களும், எண்ணெய்த் திமிங்கிலங்களின் வயிற்றில் கிடைத்த அலகுகளும் அவ்வளவு முன்னதாகவே அது இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டன. ஆகவே இந்த எடுத்துக்காட்டுகள் எட்டிக்கும் பிக்ஃபுட்டுக்கும் துணை நிற்பதைவிட, அவற்றுக்கு எது குறைகிறது என்பதையே சுட்டுகின்றன.

நேரில் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அத்தனை பேரும் பொய் சொல்கிறார்களா?

இல்லை. பெரும்பாலோர் பொய் சொல்வதில்லை என்றே நான் கருதுகிறேன். பொய்யா மெய்யா என்று பிரிப்பதுதான் இந்த விவாதத்தைக் கெடுத்த முதல் தவறு.

1978இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விலங்குக் காட்சிசாலையிலிருந்து ஒரு சிவப்புப் பாண்டா தப்பி ஓடியது. பொதுமக்களின் உதவியை நாடிச் செய்தித்தாள்களில் அறிவிப்பு வந்தது. காட்சிசாலைக்கு அருகிலேயே, ரயில் பாதையோரம் அந்த விலங்கு இறந்து கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஆயினும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து நூறு பேர் அளவில் அதைத் தாங்கள் பார்த்ததாகத் தெரிவித்தார்கள். ஒரே ஒரு விலங்கு, அதுவும் செத்துவிட்டது. இவர்கள் யாருக்கும் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர்கள் நாயையோ பூனையோ வேறெதையோ உண்மையாகவே பார்த்தார்கள். செய்தித்தாளில் படித்த பெயர் அதன்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இந்தப் பழமொழி பாதிதான் சரி என்று தோன்றுகிறது, ஏனெனில் அச்சம் இல்லாதவரும், நன்கு கற்றவரும், காட்டில் பல்லாண்டு திரிந்தவரும் இவ்வாறே தவறுகிறார்கள். பயத்தைவிட எதிர்பார்ப்புக்கு வலிமை அதிகம். நெஸ் ஏரிக்கரையில் நிற்கிறவர் அங்கே எதைக் காண வந்தாரோ அந்த நினைவோடுதான் நீரைப் பார்க்கிறார். நீர்ப்பரப்பில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பொருள் இல்லாததால் தூரத்தையும் அளவையும் கண்ணால் மதிப்பிட முடியாது. 50 மீட்டர் தொலைவில் நீந்தும் நீர்க்காகம், 300 மீட்டர் தொலைவில் இருப்பதாக எண்ணிக்கொண்டால் பெருவிலங்காகிவிடும். படகு கண்ணிலிருந்து மறைந்து நெடுநேரம் ஆனபின்னும் அது எழுப்பிய அலைகள் குறுகலான ஏரியில் கரைக்குக் கரை மோதித் திரும்பி, வரிசையான கரிய திமில்களைப் போல் எழுகின்றன. நீந்தும் மானும் மிதக்கும் மரக்கட்டையும் தம் பங்குக்கு உதவுகின்றன.

வட அமெரிக்காவில் இதே வேலையைக் கருங்கரடி செய்கிறது. பிக்ஃபுட் கண்டதாகச் சொல்லப்பட்ட இடங்களையும் அமெரிக்கக் கருங்கரடி வாழும் இடங்களையும் சூழலியல் மாதிரிகளைக் கொண்டு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. இரண்டும் பெருமளவு ஒன்றாகவே அமைந்தன. கரடி பின்னங்கால்களில் எழுந்து நிற்கும், சில அடிகள் நடக்கவும் செய்யும் என்பதை நினைவில் கொண்டால் இதில் வியப்பில்லை.

புகைப்படங்களும் திரைச்சுருளும் இருக்கின்றனவே?

மிகப் புகழ்பெற்றதன் வரலாற்றை மட்டும் சொல்கிறேன். 1933இல் நெஸ் ஏரி விலங்கைப் பற்றிய செய்திகள் பரவியபோது, டெய்லி மெயில் நாளிதழ் மார்மடியூக் வெதரெல் என்ற வேட்டைக்காரரை ஏரிக்கு அனுப்பியது. அவர் டிசம்பரில் கரையோரம் பெரிய காலடித் தடங்களைக் கண்டுபிடித்தார். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அவற்றை ஆராய்ந்து, பதப்படுத்திய நீர்யானைக் கால் ஒன்றை மண்ணில் அழுத்திப் பதித்த தடங்கள் என்று சொல்லிவிட்டது. அவமானப்பட்ட வெதரெல் ஒதுங்கிக்கொண்டார். 1934 ஏப்ரலில் அதே நாளிதழில், நீரிலிருந்து எழும் நீண்ட கழுத்தும் சிறு தலையும் கொண்ட அந்தப் படம் வெளியானது. எடுத்தவர் ராபர்ட் கென்னத் வில்சன் என்ற மருத்துவர் என்பதால், மருத்துவர் பொய் சொல்வாரா என்ற நம்பிக்கையில் அது அறுபது ஆண்டுகள் வாழ்ந்தது. உண்மையில் அது வெதரெல்லின் பழிவாங்கல். அவருடைய வளர்ப்பு மகன் கிறிஸ்டியன் ஸ்பர்லிங் ஒரு பொம்மை நீர்மூழ்கிக் கப்பலின்மேல் கழுத்தும் தலையும் செய்து பொருத்தினார்; படத்தை வெளியிட மட்டும் மதிப்புக்குரிய மருத்துவர் ஒருவர் தேவைப்பட்டார். முதுமையில் ஸ்பர்லிங் இதை ஒப்புக்கொண்டார்; 1994இல் அது வெளியே வந்தது. வெட்டிச் சுருக்காத மூலப் படத்தைப் பார்த்தாலே, சுற்றியுள்ள சிற்றலைகளின் அளவு அந்த 'விலங்கு' எவ்வளவு சிறியது என்பதைச் சொல்லிவிடும்.

1967இல் கலிஃபோர்னியாவின் பிளஃப் கிரீக் ஓடைக்கரையில் எடுக்கப்பட்ட பிக்ஃபுட் திரைச்சுருளைப் பற்றி, உடை அணிந்த மனிதர் என்றும் அல்ல என்றும் வாதம் முடியாமல் நடக்கிறது. அது தீராது என்றே நினைக்கிறேன். மங்கலான ஒரு நிமிடப் படம், எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குத் தகவல் தரவில்லை. கேட்க வேண்டியது வேறு: அதன்பின் கைப்பேசிகளும், அசைவை உணர்ந்து தானே படமெடுக்கும் காட்டுக் கேமராக்களும் உலகமெங்கும் பெருகியும் அதைவிடத் தெளிவான ஒரு படம் ஏன் வரவில்லை? நூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ள ஜாவாக் காண்டாமிருகம் அத்தகைய கேமராக்களில் திரும்பத் திரும்பப் பதிவாகிறது. அரிதினும் அரிதான சாவோலாவும் 2013இல் ஒரு கேமராவில் சிக்கியது.

பாதச் சுவடுகளை எப்படி விளக்குவீர்கள்?

பனியில் ஒருவகை, மண்ணில் ஒருவகை. 1951இல் மலையேற்ற வீரர் எரிக் ஷிப்டன் எவரெஸ்ட் பகுதியில், மென்லுங் பனியாற்றருகே எடுத்த ஒற்றைச் சுவட்டின் படம்தான் எட்டியை உலகப்புகழ் பெறச் செய்தது. பனியில் பதிந்த தடம் வெயிலில் உருகும்போது ஓரங்கள் கரைந்து பெரிதாகும். கரடி நடக்கையில் முன்னங்கால் பட்ட இடத்தின்மேலேயே பின்னங்காலும் ஓரளவு பதிவதால், இரண்டும் சேர்ந்து நீண்ட ஒற்றைப் பாதமாகத் தெரியும். 2019 ஏப்ரலில் இந்திய இராணுவம் நேபாளத்தின் மக்காலு மலை முகாமருகே 32 அங்குல நீளமுள்ள எட்டியின் தடங்கள் என்று படங்களை வெளியிட்டபோதும் கரடித் தடங்கள் என்ற விளக்கமே முன்வைக்கப்பட்டது.

மண் சுவடுகளில் குறும்புக்கு இடம் அதிகம். 'பிக்ஃபுட்' என்ற பெயரே 1958இல் பிளஃப் கிரீக் பகுதியில் சாலை அமைத்தவர்கள் கண்ட பெருந்தடங்களைப் பற்றி ஓர் உள்ளூர் நாளிதழ் எழுதியபோதுதான் பரவியது. அந்தச் சாலைப் பணியின் ஒப்பந்ததாரர் ரே வாலஸ் 2002இல் இறந்தபின், தடங்களைப் பதிக்க அவர் பயன்படுத்திய மரப் பாதங்களைக் குடும்பத்தினர் வெளியே காட்டினார்கள். இதனால் அதற்குப் பின் கிடைத்த எல்லாத் தடங்களும் பொய் என்று ஆகிவிடாது என்று வாதிடுபவர்கள் உண்டு. தர்க்கப்படி அது சரிதான். ஆனால் பெயரும் புகழும் தந்த முதல் தடம் மரக்கட்டையுடையது என்றால், அதைப் போலவே இருக்கும் பிற தடங்களின் நிலை என்ன?

முடி, தோல், எலும்பு, டி.என்.ஏ. எதுவும் கிடைக்கவில்லையா?

நிறையக் கிடைத்தன. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே, ஏனென்றால் இங்கே வாதத்துக்கு ஒரு முடிவு உண்டு.

1960இல் எட்மண்ட் ஹிலாரி தலைமையில் எட்டியைத் தேடிச் சென்ற குழு, நேபாளத்தின் கும்ஜுங் மடாலயத்தில் போற்றிக் காக்கப்பட்ட 'எட்டியின் தலைத்தோலை' இரவல் பெற்று ஆய்வுக்குக் கொண்டுவந்தது. அது செரோ என்ற, ஆட்டை ஒத்த மலைவிலங்கின் தோலை வடிவமைத்துச் செய்தது என்று தெரிந்தது. பாங்போச்சே மடாலயத்து 'எட்டிக் கை'யின் விரலெலும்பு 2011இல் சோதிக்கப்பட்டது. அது மனித விரல். 1970களில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. பிக்ஃபுட் முடி என்று அனுப்பப்பட்ட ஒரு கற்றையை ஆராய்ந்து, மான் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பதில் எழுதியது. அந்தக் கோப்பு 2019இல் வெளியிடப்பட்டது.

2014இல் மரபியலர் பிரையன் சைக்ஸ், உலகின் பல பகுதிகளிலிருந்து நம்பிக்கையாளர்களே அனுப்பிய முடிகளில் 30 மாதிரிகளின் மரபணுத் தொடரைப் பிரித்தெடுத்தார். கரடி, குதிரை, மாடு, நாய், மனிதர் என எல்லாம் அறிந்த விலங்குகளாகவே இருந்தன. அவற்றில் இரண்டு இமயமலை மாதிரிகள் தொல்பழங்காலத் துருவக் கரடியோடு பொருந்துகின்றன என்று அவர் சொன்னது சிறிது பரபரப்பை உண்டாக்கியது. பிறர் மறுஆய்வு செய்து, இமயமலைப் பழுப்புக் கரடியைத் தாண்டி எதையும் கொண்டுவரத் தேவையில்லை என்று காட்டினார்கள். ஐயப்படுகிறவரின் ஆய்வும் ஐயத்துக்கு உட்பட்டதே என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். 2017இல் ஷார்லட் லிண்ட்க்விஸ்ட் குழுவினர் எட்டியுடையவை என்று சொல்லப்பட்ட 9 எலும்பு, பல், தோல், முடி, சாண மாதிரிகளை ஆராய்ந்தார்கள். எட்டு கரடியுடையவை, ஒன்று நாயுடையது.

ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்கை தேவை. 'அடையாளம் காண இயலவில்லை' என்று ஆய்வகம் எழுதினால், அது பெரும்பாலும் மாதிரி சிதைந்துவிட்டது அல்லது பிறவற்றோடு கலந்துவிட்டது என்ற பொருளில்தான். புதிய விலங்கு என்பது அதற்குப் பொருளன்று.

கடலில் கிடைத்த அழுகிய உடல்கள்?

1977இல் நியூசிலாந்தருகே ஜப்பானிய மீன்பிடிக் கப்பலான ஸுயியோ மாரு தூக்கியெடுத்த உடல் நீள்கழுத்துக் கடல் ஊர்வனவான பிளீசியோசாரைப் போலவே இருந்தது. திசு ஆய்வு அதைக் கூனிச்சுறா போன்ற பெருஞ்சுறா ஒன்றின் உடலாகக் காட்டியது. பெருஞ்சுறா அழுகும்போது தாடையும் செவுளும் முதலில் கழன்று விழ, எஞ்சுவது சிறு தலையும் மெல்லிய கழுத்துமாகத் தோன்றும். 2003இல் சிலி நாட்டுக் கரையில் ஒதுங்கிய பெரும் சதைப் பிண்டம் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எச்சம் என்று டி.என்.ஏ. சொன்னது.

காட்டில் கரடியின் பிணம்கூட எளிதில் கண்ணில் படுவதில்லை. பிக்ஃபுட்டின் பிணத்தை ஏன் கேட்கிறீர்கள்?

இயற்கையாக இறந்த கரடியின் உடல் அரிதாகவே கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் கரடிகள் சாலையில் வண்டி மோதிச் சாகின்றன, வேடர்களால் சுடப்படுகின்றன, குப்பைத் தொட்டிகளைக் கிளறுகின்றன, பற்களையும் மண்டையோடுகளையும் குகைகளில் விட்டுச் செல்கின்றன. மேலும் ஒற்றை விலங்கு என்று ஒன்று கிடையாது. நூற்றாண்டுகளாகத் தொடர்ந்து வாழ வேண்டுமானால் உட்கலப்பால் நலிந்துபோகாத அளவுக்குப் பெரிய கூட்டம் வேண்டும். கூட்டத்துக்கு இரை வேண்டும், எச்சம் இருக்கும், குட்டிகள் இருக்கும்.

நெஸ் ஏரியில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. அந்த ஏரி சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்புவரை பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்தது. அதில் உள்ள மீன்களின் மொத்த எடை ஏறத்தாழ 20 டன் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. இரையின் எடையில் பத்தில் ஒரு பங்களவே வேட்டையுயிர்களைத் தாங்கும் என்ற பொது அளவுகோலின்படி, மொத்தக் கூட்டமும் சேர்ந்து 2 டன்னுக்குள் அடங்க வேண்டும். நுரையீரலால் மூச்சுவிடும் விலங்கானால் நாளொன்றுக்குப் பலமுறை மேலே வர வேண்டும். 1987இல் படகுகள் வரிசையாகச் சென்று, ஒலியலைகளால் நீருக்கடியில் உள்ளவற்றை அறியும் சோனார் கருவி கொண்டு ஏரியைத் துழாவின. 2003இல் பிபிசி 600 சோனார்க் கற்றைகளைக் கொண்டு தேடியது. 2018இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்து நீல் கெம்மல் குழுவினர் சுமார் 250 நீர் மாதிரிகளை எடுத்து, உயிர்கள் நீரில் உதிர்த்துச் சென்ற டி.என்.ஏ.வைத் தேடினார்கள். ஊர்வனவற்றின் தடயம் எதுவும் இல்லை. விலாங்கு மீனின் டி.என்.ஏ. மட்டும் ஏராளம்.

பிக்ஃபுட்டின் மூதாதை என்று ஜைகாண்டோபிதிகஸ் என்ற பெருங்குரங்கைச் சிலர் காட்டுவார்கள். அது உண்மையில் வாழ்ந்த விலங்கு. 1935இல் ஹாங்காங் மருந்துக்கடையில் கிடைத்த ஒரு பல்லிலிருந்து அறியவந்தது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்ததற்கே பற்களும் தாடைகளும் கிடைக்கின்றன. ஆனால் ஆசியாவில் மட்டும்தான், அமெரிக்காவில் ஒன்றுகூட இல்லை.

அங்கேயே வாழும் மக்களின் அறிவை நீங்கள் அவமதிக்கவில்லையா?

இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஒகாப்பியையும் கொமொரோ சீலகாந்தையும் உள்ளூர் மக்கள் நன்கறிந்திருந்தார்கள். வெளியாருக்குத்தான் அவை புதியவை. ஆனால் அவர்கள் அறிவு கதையாக மட்டும் நிற்கவில்லை; கேட்டபோது தோலையும் கொம்பையும் மீனையும் எடுத்துக் காட்டினார்கள்.

பல நேரங்களில் உள்ளூர் மரபைத் திரித்தவர்கள் வெளியாரே. 1921இல் எவரெஸ்ட் பயணக் குழுவின் தலைவர் ஹோவர்ட்-பரி, பனியில் கண்ட தடங்கள் ஓநாயுடையவை ஆகலாம் என்றே எழுதினார். சுமைதூக்கிகள் சொன்ன பெயரைக் கொல்கத்தாவிலிருந்த ஹென்றி நியூமன் என்ற பத்திரிகையாளர் தவறாக மொழிபெயர்த்து, 'அருவருப்பூட்டும் பனிமனிதன்' ஆக்கினார். செய்தித்தாள்கள் மீதியைச் செய்தன. அதேபோல 6ஆம் நூற்றாண்டில் கிறித்தவத் துறவி புனித கொலும்பா நெஸ் விலங்கை விரட்டினார் என்று மேற்கோள் காட்டப்படும் கதை, அவர் இறந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பட்டது. அதில் விலங்கு இருப்பது ஏரியில் அல்ல, ஆற்றில். துறவி கொடிய விலங்கை அடக்குவது அக்காலத்துப் புனிதர் வரலாறுகளில் வழக்கமாக வரும் காட்சி.

அறிவியலாளர்கள் உண்மையை மறைக்கிறார்களோ?

மறைப்பவருக்கு ஆதாயம் இல்லை. கண்டுபிடிப்பவரின் பெயர் பாடநூலில் நிற்கும். 1975இல் இயற்கையியலர் பீட்டர் ஸ்காட், ராபர்ட் ரைன்ஸ் என்பவருடன் சேர்ந்து, நீரடியில் எடுத்த துடுப்பு போன்ற ஒன்றின் படத்தை நம்பி, நெஸ் விலங்குக்கு அறிவியல் பெயரே சூட்டி நேச்சர் இதழில் வெளியிட்டார். பெயர் இருந்தால்தான் சட்டப் பாதுகாப்புக் கேட்க முடியும் என்பது அவர் எண்ணம். கதவு மூடியிருந்தால் இது நடந்திருக்காது.

தாஸ்மேனியப் புலியைக் கண்டதாக வரும் செய்திகளும் இதே வகையா?

முழுக்க அல்ல. கடைசியாக அறியப்பட்ட தாஸ்மேனியப் புலி (பெயர்தான் புலி, உண்மையில் கங்காருவைப் போல் வயிற்றில் பை கொண்ட ஆஸ்திரேலிய விலங்கு) 1936 செப்டம்பர் 7 அன்று ஹோபார்ட் விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. அது இருந்த விலங்கு; எலும்பும் தோலும் திரைப்பதிவும் உள்ளன. எனவே சில காலம் எஞ்சியிருந்திருக்கலாம் என்ற கூற்றுக்கு, எட்டிக்குத் தேவைப்படும் அளவு சான்று தேவையில்லை. ஆயினும் ஆண்டுகள் கூடக்கூட, உடலற்ற சாட்சியங்களின் எடை குறைந்துகொண்டே வருகிறது.

விளங்காத விலங்கொன்றை நானே கண்டால் என்ன செய்வது?

முதலில், யாரிடமும் பேசுவதற்கு முன், கண்டதை அப்படியே எழுதுங்கள்: நேரம், வெளிச்சம், தொலைவு, எவ்வளவு நொடிகள் தெரிந்தது. பெயர் எதுவும் சூட்டாதீர்கள். 'நீளமான, கரிய, அசைந்த ஒன்று' என்பதே போதும். அடுத்தவரோடு பேசியபின் நினைவு இருவருடையதாகிவிடும். தடம் இருந்தால் அளவுகோலையோ நாணயத்தையோ பக்கத்தில் வைத்து நேர் மேலிருந்து படமெடுங்கள்; ஒன்றை மட்டுமன்றித் தொடர் முழுவதையும் எடுங்கள், ஏனெனில் நடையின் இடைவெளி ஒற்றைத் தடத்தைவிட அதிகம் பேசும். முடியோ சாணமோ கிடைத்தால் வெறுங்கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, ஈரம் தங்கும் பிளாஸ்டிக் பையைத் தவிர்த்து, உலர்ந்த காகித உறையில் இடுங்கள். பாதியை மட்டும் பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ கொடுத்து, மறுபாதியை நீங்களே வைத்திருங்கள். முதல் முடிவில் ஐயம் எழுந்தால் இரண்டாவது ஆய்வகத்துக்கு அனுப்ப அது உதவும்.